கால் முன்னால் இருக்கும் வண்டியில் பிரேக் எங்கே இருக்கிறது?

காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டுகிற க்ரூசர் வண்டி ஆபத்து என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் தப்பான காரணத்தைத்தான் சொல்கிறார்கள். "கால் முன்னால போயிருச்சுன்னா பேலன்ஸ் போயிரும்" என்பது மாமாக் கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் எப்படியும் ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிடும். க்ரூசரே ஓட்டுகிற இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர். "இது கல்லு மாதிரி நிக்கும் பாஸ், ஒண்ணும் ஆகாது." இரண்டு தரப்பும் வண்டி ஆடுமா ஆடாதா என்றுதான் பேசுகிறது. அவசரத்துக்கு நிற்குமா என்று யாரும் கேட்பதில்லை. கோலாலம்பூரில் மோட்டார் ஓட்டுகிறவனுக்கு அதுதானே முதல் கேள்வி?

ஆடுகிற விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பெரிய சண்டைக்கு இடமில்லை. நான் ஓட்டுவது கவாசாக்கி வல்கன் எஸ். அதன் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் 31 டிகிரி சாய்ந்திருக்கிறது, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1,575 மில்லிமீட்டர். நம் கப்சாய்க்கு, அதாவது ஊரெல்லாம் ஓடுகிற சின்ன மோட்டாருக்கு, இந்த இடைவெளி 1,200 சொச்சம்தான். ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோட்டை அப்படியே தரை வரை நீட்டினால் அது முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் முன்னால் போய் விழும். அந்த இடைவெளியைத்தான் டிரெயில் என்கிறார்கள், வல்கனில் அது 120 மில்லிமீட்டர். இந்த டிரெயில்தான் ஓடுகிற சக்கரத்தைத் தானாக நேராக்கிக்கொண்டே இருக்கிறது. வண்டி நீளம், எடை கீழே, ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. ஹைவேயில் 110இல் போகும்போது கையைச் சும்மா வைத்திருந்தாலே நேராகப் போவது இதனால்தான். காலுக்கு இதில் பங்கே கிடையாது.

நம்பிக்கை வராதவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோ ஆளின் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி, இரண்டு காலும் சேர்த்து, சுமார் 10 கிலோ வரும். அதை 30 சென்டிமீட்டர் முன்னால் தள்ளினால், ஆளும் வண்டியும் சேர்ந்த 300 சொச்சம் கிலோவின் எடை மையம் ஒரு சென்டிமீட்டர்கூட நகராது. அதிலும் முதுகு கொஞ்சம் பின்னால் சாய்ந்துவிட்டால் அந்த ஒரு சென்டிமீட்டரும் சரிக்குச் சரி. டிரையம்ஃப் ராக்கெட் 3 வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர் என்ற மாடலில் கால் நடுவில், ஜிடி என்ற மாடலில் கால் முன்னால். ஃபிரேம் அதே, 2,458 சிசி இன்ஜின் அதே, பிரேக் அதே. கால் முன்னால் போனதால் வண்டி ஆடும் என்றால் ஒரே ஃபிரேமில் இரண்டையும் செய்து விற்க மாட்டார்கள்.

ஆனால் கால் முன்னால் போனதும் ஓட்டுகிறவன் கையிலிருந்து சில விஷயம் போய்விடுகிறது. முழங்காலால் டேங்கைப் பிடிக்க முடியாது. குழி வந்தால் கால் வைக்கிற பெக்கில் எழுந்து நிற்க முடியாது. ஜாலான் ஈப்போ பக்கம் ஒட்டுப்போட்ட ரோட்டில் அடி நேராக இடுப்பெலும்புக்குத்தான் போகும். காற்று நெஞ்சில் அடித்துப் பின்னால் தள்ளும்போது காலால் தாங்க வழியில்லாமல் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். "இந்த வண்டி வேகத்துல ஆடுது" என்று சிலர் சொல்வது பெரும்பாலும் இந்தத் தொங்கல்தான். உடும்புப் பிடியாகப் பிடித்திருப்பார்கள், உடம்பு அசையும் ஒவ்வொரு அசைவும் ஹேண்டிலுக்குப் போகும், அதோடு பின்னால் கம்பியில் ஒரு மூட்டையையும் கட்டியிருப்பார்கள். கையைத் தளர்த்தி, மூட்டையை முன்னால் இறக்கி, டயர் காற்றைப் பார்த்தாலே முக்கால்வாசி சரியாகிவிடும்.

சரி, இப்போது நிறுத்துகிற கதை. எனக்கு இதில்தான் சுவாரசியம்.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் பாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பாயும் என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம். உயரம் கூடினால் அதிகம் பாயும், நீளம் கூடினால் குறைவாகப் பாயும். கப்சாய் குட்டை, அதில் ஆள் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான். காய்ந்த தாரில் முழு பலத்தோடு பிடித்தால் அதன் பின் சக்கரத்தில் மொத்த எடையில் 15 சதவீதம்தான் மிஞ்சும். க்ரூசர் நீளம், ஆள் தரைக்குக் கிட்டே உட்கார்ந்திருக்கிறான். அதே பிடியில் பின் சக்கரத்தில் 25 சதவீதம் வரை இருக்கும். மழையில் பிடி குறைவு என்பதால் எடை அவ்வளவு பாயாது, அப்போது பின் சக்கரத்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் மேலே போகும். இதெல்லாம் தாளில் போட்ட கணக்குத்தான், வண்டிக்கு வண்டி, ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும். போக்கு மட்டும் மாறாது.

ஆக, எந்த வண்டியில் பின் பிரேக் அதிகம் வேலை செய்யுமோ அந்த வண்டியில்தான் காலை அதிலிருந்து தூரமாக வைத்திருக்கிறோம். க்ரூசரில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான், பேலன்ஸ் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ பின் பிரேக்கே போதும்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த நம்பிக்கையும் இங்கே நிறைய உண்டு, முக்கியமாகப் பழைய ஆட்களிடம். முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கி எறிந்துவிடும் என்று சொல்லியே ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டார்கள். அதே கணக்கை 80 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பிரேக்கும் சேர்த்து நன்றாகப் பிடித்தால் வண்டி நிற்க 32 மீட்டர் வேண்டும், முன் பிரேக் மட்டும் என்றால் 48, பின் பிரேக் மட்டும் என்றால் 75. 75 மீட்டர் என்பது ஃபெடரல் ஹைவேயில் முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே ஒருநாளும் கிடைக்காத இடைவெளி. முன் பிரேக் இல்லாமல் பிழைப்பு இல்லை, ஆனால் 48க்கும் 32க்கும் உள்ள அந்த 16 மீட்டர் வலது காலிடம் இருக்கிறது.

இனி அந்தக் காலைப் பார்ப்போம். நம்மில் முக்கால்வாசிப் பேர் ஓட்டக் கற்றுக்கொண்டது கப்சாயில். ஹோண்டா இஎக்ஸ்5இல் பாதம் பெக்கில் இருக்கும், பெருவிரல் பிரேக் பெடலுக்கு மேலேயே இருக்கும், கணுக்காலை மடக்கினால் போதும். லைசன் எடுக்கும்போது அந்த ஒடுக்கமான பலகை மேல் மெதுவாகப் போகச் சொல்வார்களே, அங்கேயும் வலது காலை வைத்துத்தான் சமாளித்தோம். அதனால் ஏதாவது குறுக்கே வந்தால் மூளை கேட்பதற்கு முன்னால் கால் அமுக்கிவிடும். க்ரூசரில் ஏறியதும் அதே கால் அதே வேலையைச் செய்யப் பார்க்கிறது, ஆனால் பெடல் அங்கே இல்லை. கால் நீண்டிருக்கிறது, குதிகால் பெக்கில் இருக்கிறது, பெடலைத் தொட முன்பாதத்தை முழுதாகத் தூக்கி வைக்க வேண்டும். இன்னும் சிலர் இன்ஜின் கார்டில் ஹைவே பெக் மாட்டி, காலை அதிலும் போட்டுக்கொண்டு போவார்கள். அங்கிருந்து கால் இறங்கிப் பெடலுக்கு வர அரை விநாடி கூடுதலாக ஆகும் என்று வையுங்கள். 80இல் போகிறவனுக்கு அது 11 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு பஸ் நீளம், பிரேக்கே படாமல் ஓடிப்போய்விடும்.

கலிஃபோர்னியாவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தது. விபத்தைத் தவிர்க்க ஓட்டுகிறவருக்குப் பொதுவாகக் கிடைத்த நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு என்று அதில் இருக்கிறது. பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மேல் அமுக்கிச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைத் தேவையான அளவு பிடிக்கவில்லை என்றும் இருக்கிறது. இரண்டே விநாடியில் அரை விநாடியைக் காலைத் தூக்கி வைப்பதிலேயே செலவழித்தால் மிச்சத்தில் என்ன செய்ய முடியும்?

நேரம் மட்டும் இல்லை, நிதானமும் போகிறது. கணுக்காலை மடக்கி அமுக்கும்போது எவ்வளவு அமுக்குகிறோம் என்பது தெரியும். நீட்டிய காலோடு அமுக்கும்போது தொடையிலிருந்து முழுக் காலும் வேலை செய்கிறது, சன்னமாகக் கூட்டிக் குறைக்க வராது. இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, இதை யாரும் பேசிக் கேட்டதில்லை. முன் பிரேக் நன்றாகப் பிடித்ததும் உடம்பு முன்னால் சரியும். டேங்கைப் பிடிக்க முழங்கால் இல்லை, அதனால் காலை ஊன்றித்தான் தாங்குவோம். இடது கால் ஊன்றுவது வெறும் பெக்கில். வலது கால் ஊன்றுவது பிரேக் பெடலில்! அதாவது முன் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்குப் பின் பிரேக்கும் தானாக அழுந்துகிறது, அதுவும் பின் சக்கரத்தில் எடை குறைந்துகொண்டே வருகிற நேரத்தில். சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் பின் சக்கரம் லாக் ஆகி வால் ஒரு பக்கம் போய்விடும், பயந்து காலைத் திடீரென்று எடுத்தால் டயர் மறுபடி பிடித்து ஆளை மேலே தூக்கி எறியும். ஏபிஎஸ் இருந்தால் பெடல் காலுக்கடியில் அதிரும், அவ்வளவுதான், அதனால் பழைய வண்டி வாங்குகிறவர்கள் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் ஏபிஎஸ்ஸில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன்.

2021இல் வந்த ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் எஸ் வண்டியில் கால் முன்னால்தான், ஆனால் வளைவில் சாய்ந்திருக்கும்போதுகூட வேலை செய்கிற ஏபிஎஸ் கூடவே வருகிறது. நல்லதுதான். ஆனாலும் எந்த ஏபிஎஸ்ஸும் நமக்குப் பதிலாகக் காலைத் தூக்கிப் பெடலில் வைக்காது.

செந்தூலில் நான் போகிற பட்டறையில் அண்ணன் ஒருவர் இருக்கிறார், க்ரூசர் யார் கொண்டுவந்தாலும் ஆயில் மாற்றுவதற்கு முன்னால் ஆளை வண்டியில் உட்காரச் சொல்வார். "பூட்ஸ் போட்டுத்தான ஓட்டுவே? சிலிப்பரோட வந்து ஒக்காந்தா எனக்கு எப்படித் தெரியும்?" குதிகாலை பெக்கில் வைக்கச் சொல்லி, குனிந்து பக்கத்திலிருந்து பார்ப்பார். பூட்ஸின் அடிக்கும் பெடலுக்கும் நடுவே தன் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். பெடல் ரொம்ப மேலே இருந்தால் ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கி வைக்க வேண்டும். ரொம்பக் கீழே இருந்தால் முழுக்க அமுக்குவதற்குள் கால் நீட்டம் தீர்ந்துவிடும். லாக் நட்டைத் தளர்த்தி, பெடலோடு சேர்ந்த ராடைக் கொஞ்சம் திருகி, மறுபடி விரல். அப்புறம் பின்னால் போய் பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்று பார்ப்பார், பெடல் உயரம் மாறினால் லைட் சுவிட்சும் மாறிவிடும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெக்கையும் பெடலையும் முன்னால் கொண்டுபோக வெளியில் வாங்கி மாட்டிய ஃபார்வர்டு கன்ட்ரோல் செட் என்றால் ராடின் இரண்டு முனையையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். நீள ராடு, இரண்டு மூட்டு, ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் லூஸ் இருந்தால் பெடல் பாதி தூரம் சும்மாவே போகும். காசு கொடுத்து வாங்குகிற அழகுச் சாமான் எதையும்விட இந்தக் கால் மணி நேர வேலைக்கு மதிப்பு அதிகம்.

இந்தக் காலை நீட்டும் பழக்கமே அழகுக்காக வந்ததுதான். வண்டியை வெட்டி மாற்றிச் சாப்பர் கட்டுகிறவர்கள் தாங்களாகச் செய்துகொண்டிருந்ததை ஹார்லி 1980இல் வைட் கிளைடு மாடலில் கம்பெனியிலிருந்தே போட்டு விற்றது. நீள நேர் ரோட்டுக்கு அது சொகுசு, அதை நான் மறுக்கவில்லை, ஈப்போ வரைக்கும் போய் வந்தால் முழங்கால் வாழ்த்தும். உலு யாம் மலைரோட்டில் கதை வேறு. அங்கே வளைவுக்குள் வளைவு. 40 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி 26 டிகிரி சாய வேண்டும், அதே வளைவை 60இல் எடுத்தால் 35 டிகிரி. ஹார்லி ஃபார்ட்டி-எய்ட் மாதிரி தாழ்ந்த வண்டி சுமார் 27 டிகிரியில் பெக்கைத் தரையில் தேய்த்துவிடும். கப்சாய்க்காரன் 60இல் சிரித்துக்கொண்டே போகிற வளைவில் நமக்கு 50ஓடு இடம் முடிந்தது. பெக் தேய்ந்ததும் பதறிப்போய்ப் பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிமிரும், நிமிர்ந்தால் நேராக எதிர்ப் பக்கம் வருகிற லோரியை நோக்கிப் போகும். அதனால் வேகத்தைக் குறைக்கிற வேலையெல்லாம் வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே முடிய வேண்டும்.

"நிக்காதுன்னு தெரிஞ்சா வண்டியைப் படுக்கப் போட்டுரு" என்று அறிவுரை சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாரில் இரும்பு சறுக்குவதைவிட ரப்பர் பிடிப்பதுதான் அதிகம். படுக்கப்போட்ட வண்டிக்கு நிற்க இன்னும் தூரம் வேண்டும், அதோடு திருப்பவும் முடியாது. தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

நான் பயப்படுகிற இடம் மலைரோடு இல்லை, ஃபெடரல் ஹைவே மோட்டார் லேன்தான். சாயந்தரம் மழை கொட்டும், லேன் ஒடுக்கம், சுரங்கப் பாதைக்குள் இறங்கும்போது வெளிச்சம் போய்க் கண் பழகுவதற்குள் முன்னால் ஒரு கும்பல், மழைக்கு ஒதுங்கியவர்கள் வண்டியை ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு ரெயின்கோட் மாட்டிக்கொண்டிருப்பார்கள், பாதி லேனில் அவர்கள், மீதியில் தண்ணீரும் மணலும். இறங்குவதற்கு முன்னாலேயே வலது பாதம் பெடல் மேல், இரண்டு விரல் முன் பிரேக் லிவர் மேல். பின் பிரேக்கை முதலில் லேசாகத் தொட்டு வண்டியைக் கொஞ்சம் அமர்த்திவிட்டு, முன் பிரேக்கை மெதுவாக ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போவது, முன் பிரேக் கூடக் கூடக் காலைத் தளர்த்துவது. கடைசியில் சொன்னதுதான் கஷ்டம், ஏனென்றால் உடம்பு காலை ஊன்றத்தான் சொல்லும். அதற்கு இடுப்பைச் சீட்டின் பின் மேட்டோடு ஒட்ட வைத்து, வயிற்றை இறுக்கி, ஊன்றுகிற வேலையை முடிந்தவரை இடது காலுக்கு விட வேண்டும். இது படித்தால் வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கிற பெரிய கார்ப் பார்க் எதிலாவது 30, 40, 50 என்று ஏற்றிப் பழகினால் வரும்.

கார்ப் பார்க் என்றதும் இன்னொன்று. பல மாடிப் பார்க்கிங்கின் ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால் இடது காலைத்தான் ஊன்ற வேண்டும், வலது கால் தரைக்கு வந்துவிட்டால் பின் பிரேக் போச்சு, பெயின்ட் அடித்த வழுக்குத் தரையில் முன் பிரேக் மட்டும் பிடித்தால் 230 கிலோ வண்டி மெதுவாகப் பின்னால் சறுக்க ஆரம்பிக்கும்.

என் மச்சினன் இப்போது க்ரூசர் தேடிக்கொண்டிருக்கிறான், ஐந்தடி நாலு அங்குலம். "அத்தான், ஃபார்ட்டி-எய்ட் பார்த்தீங்களா, சீட்டு எவ்ளோ தாழ்வு, எனக்குன்னே செஞ்ச மாதிரி." சீட்டு தாழ்வு, சரி, ஆனால் அந்தச் சீட்டில் உட்கார்ந்து முன்னால் எட்டிப் பெடலை முழுதாக அமுக்கச் சொன்னேன், இடுப்பு சீட்டிலிருந்து நகர்ந்துவிட்டது. குட்டைக் காலுக்கு உயரத்தைவிட எட்டம்தான் பிரச்சினை. ஹோண்டா ரெபெல் 500இல் கால் நடுவில் வருகிறது, சீட்டும் 690 மில்லிமீட்டர்தான். வல்கனில் பெக்கை மூன்று இடத்தில் மாற்றி வைக்கலாம், ஒவ்வொன்றும் 25 மில்லிமீட்டர் இடைவெளி. கேட்பதற்கு ஒன்றுமில்லை போல இருக்கும், கிட்டே உள்ள இடத்துக்குக் கொண்டுவந்ததும் என் முழங்கால் மடங்க ஆரம்பித்தது, கணுக்காலால் அமுக்க முடிந்தது. அவனுக்கு இன்னும் ஃபார்ட்டி-எய்ட் மேல்தான் கண். வாங்கட்டும், காலை நடுவுக்குக் கொண்டுவருகிற மிட் கன்ட்ரோல் மாற்றிக்கொண்டு ஓட்டினால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பின்னால் ஆள் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 60 கிலோ ஆள் பின்னால் உட்கார்ந்துவிட்டால், சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரத்தில் மொத்த எடையில் கிட்டத்தட்ட பாதி இருக்கும், தனியாகப் போகும்போது முன் பிரேக்குக்குத் துணையாக இருந்த பின் பிரேக் இப்போது பாதிச் சுமையைத் தூக்கும். அதே நேரம் அவர் எடை நம் முதுகில் சாயும், நாம் இன்னும் அழுத்தமாகக் காலை ஊன்றுவோம், எங்கே என்று மேலே சொல்லியாயிற்று. பின்னால் இருப்பவரைத் தன் பெக்கில் காலை அழுத்தி, பிரேக் பிடிக்கும்போது டேங்கில் கை ஊன்றச் சொல்லுங்கள், அது எட்டாவிட்டால் உங்கள் இடுப்பைப் பிடிக்காமல் பக்கக் கம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்னால் பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, ஏற்றி, டயர் காற்றையும் இரண்டு பேருக்கான அளவுக்குக் கூட்டிவிடுங்கள், அளவு பெரும்பாலும் வண்டியில் ஸ்டிக்கராகவே ஒட்டியிருக்கும்.